சொதி பட்டால் கரையும் லஞ்ச் சீற்

போன வருஷம் ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மாவின் பழைய மேசைக் கண்ணாடியைக் கழற்றிக் குசினித் தரையில் போட்டு, அதன்மேல் கடற்பாசி அவித்து வடித்த கூழை ஊற்றி அகப்பைக் காம்பால் இழுத்துப் பரப்பிவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருவரும் அந்த மூலைக்குப் போகக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். மூன்றாம் நாள் பிளேட்டால் ஓரத்தைக் கிளப்பி மெல்ல உரித்தேன். வந்தது. லேசான மஞ்சள், கொஞ்சம் கடல் மணம், ஓரமெல்லாம் சுருக்கம், நடுவில் இரண்டு காற்றுக் குமிழி. ஆனால் கையில் பிடித்தால் தாள்தான், இழுத்தாலும் உடனே கிழியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“உதிலயோ சோறு கட்டப் போறாய்?”

கட்டினோம். ஆறின சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு துண்டு மீன் பொரியல். பத்து நிமிஷம் நன்றாகவே இருந்தது. அப்புறம் அம்மா, வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன், ஒரு கரண்டி சொதியை எடுத்து மேலே விட்டார். கால் மணித்தியாலத்தில் தாளின் அடி வழுவழுத்து, தொய்ந்து, கடைசியில் எது சோறு எது தாள் என்று தெரியாத களியாகிவிட்டது. அம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கும்.

கடற்பாசியில் பிளாஸ்ரிக், கரையோரப் பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொதிதான் நினைவுக்கு வருகிறது. நக்கலுக்காகச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக இதற்குப் பின்னால் அலைகிறேன், இன்னும் விடவில்லை.

தொடங்கியது யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு மாதர் சங்க மண்டபத்தில். உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள் என்பதால் ஒரு பயிற்சிப் பட்டறையில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். 2019 லண்டன் மரதனில் ஓடுகிறவர்களுக்குப் போத்தலுக்குப் பதிலாகக் கடற்பாசித் தோல் போர்த்த சின்ன உருண்டைகளில் பானம் கொடுத்தது, அதைச் செய்த நொட்ப்ளா என்ற நிறுவனம் 2022இல் சுற்றுச்சூழலுக்கான ஏர்த்ஷொட் பரிசு வாங்கியது, இப்படி. “இதன் மூலப்பொருளை வளர்ப்பது நீங்கள்தான்” என்றார் பேசியவர், நானும் குரலை உயர்த்தி அதையே தமிழில் சொன்னேன். மத்தியானம் எல்லோருக்கும் சோற்றுப் பார்சல் வந்தது. பொலித்தீன் லஞ்ச் சீற்றில் சுற்றி, சொப்பிங் பையில் போட்டு. பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா பார்சலைத் தூக்கி என்னைப் பார்த்துப் புருவத்தை ஒரு தரம் உயர்த்தினார். எங்கள் சிநேகிதம் அந்தப் புருவத்தில் தொடங்கியது.

அக்கா வளர்ப்பது கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசி. பெயர்தான் சிவப்பு, கயிற்றில் பச்சையாகவும் மண்ணிறமாகவும் தொங்கும். இலங்கையின் வடக்கில் வலைப்பாடு பக்கம்தான் இதற்குப் பெயர்போன இடம், மற்றக் கரைகளிலும் அங்கங்கே செய்கிறார்கள். ஒரு பிடி பாசித் துண்டை ஒரு சாண் இடைவெளி விட்டுக் கயிற்றில் முடிந்து, இடுப்பளவு தண்ணீரில் தடி நட்டு இழுத்துக் கட்டினால் 45 நாளில் வெட்டலாம். உரமும் வேண்டாம், காணியும் வேண்டாம். சொல்லக் கேட்டால் சொர்க்கம் மாதிரி இருக்கும்.

ஒறா மீன் இருக்கிறதே, அதற்கும் இந்தப் பாசி சொர்க்கம்தான். கூட்டமாக வந்து நுனிக் குருத்தையெல்லாம் மேய்ந்துவிட்டுப் போகும். “நாங்கள் ஒறாவுக்குச் சாப்பாடு போடுறம், பிறகு ஒறா எங்களுக்குச் சாப்பாடு” என்று அக்கா சிரிப்பார், ஆனால் மேய்ந்து போன கயிற்றுக்கு ஒருவரும் காசு தருவதில்லை. கோடையில் தண்ணீர் சுட்டால் கிளைகள் வெள்ளை வெளேரென்று வெளிறி உடைந்து விழும், உலகம் முழுக்க அந்த நோய்க்கு ஐஸ் ஐஸ் என்றுதான் பெயர். சோளகம் கடுமையாக அடித்தால் கயிறு அறும். மாரி பிறந்து மழைத் தண்ணீர் களப்புக்குள் இறங்கினால் உப்புக் குறைந்து பாசி செத்துப்போகும், அப்போது விதைப் பாசியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. பெண்கள் மணித்தியாலக் கணக்கில் உப்புத் தண்ணீருக்குள் நிற்கிறார்கள். தோல் அரிக்கும், சொறிமுட்டை படும், காலடியில் திருக்கை கிடக்கும். கரைக்கு வந்தால் குளிக்க நல்ல தண்ணீர் ஒரு வாளிக்கு மேல் கிடையாது. திரையில் காட்டிய படங்களில் எல்லாப் பெண்களும் சிரித்துக்கொண்டே பாசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு 8 முதல் 10 கிலோ ஈரப்பாசி காய்ந்து 1 கிலோ ஆகும். வாங்க வருகிறவர் ஒருவர். தராசு அவருடையது, ஈரம் இவ்வளவு, மண் இவ்வளவு என்று கழிக்கிற கணக்கும் அவருடையது. அந்தக் காய்ந்த பாசி கப்பலேறிப் போய் கராஜீனன் என்ற தூளாகி, பற்பசைக்கும் ஐஸ்கிறீமுக்கும் வழவழப்புக் கொடுத்துக்கொண்டு திரும்ப எங்கள் கடைகளுக்கே வந்து சேருகிறது. அக்காவிடம் இதைச் சொன்னபோது ஐஸ்கிறீம் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப எங்கட சாமானைத்தான் நாங்கள் காசு குடுத்துத் தின்னுறம்” என்றார்.

அதனால்தான் நான் அந்த அடுத்த படியை, காய்ந்த பாசிக்குப் பிறகு வருவதை, வீட்டுக் குசினியிலேயே செய்து பார்க்க நினைத்தேன். வகுப்பில் சொல்வதுபோல் சொன்னால் விஷயம் எளிது. பாசியில் மூன்று வகைப் பசை இருக்கிறது. கஞ்சிப்பாசியில் அகர், கப்பாபைகஸில் கராஜீனன், சார்காசம் போன்ற மண்ணிறப் பாசிகளில் அல்ஜினேற்று. மூன்றும் சீனி மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலிகள். பாசியைக் கழுவி, ஊறவைத்து, அவித்து, துணியில் வடித்தால் சங்கிலிகள் தண்ணீருக்குள் வந்துவிடும். அதைப் பரப்பிக் காயவைத்தால் தாள். வெறுமனே காய்ந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும், ஆகவே பாமசியில் விற்கிற கிளிசரின் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கிளிசரின் சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து அவை வழுக்கி அசைய இடம் கொடுக்கும். கராஜீனனுக்குப் பொற்றாசியத்தோடு தனி ஒட்டு, ஒரு சிட்டிகை பொற்றாசியம் குளோரைட்டுச் சேர்த்தால் இறுகும். இரண்டாம் தடவை சேர்த்தேன், சொதிக்கு முன்னால் அரை மணித்தியாலம் கூடத் தாக்குப்பிடித்தது. அவ்வளவுதான்.

ஏன் அவ்வளவுதான்? பொலித்தீன் சங்கிலிக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது, தண்ணீர் அதன்மேல் உருண்டோடும். பாசிச் சங்கிலிக்குத் தண்ணீர் என்றால் உயிர். மண்ணில் ஈரமும் கிருமியும் உள்ளே போய் அதைத் தின்று முடிக்க வழிவிடுகிற குணம்தான் சொதிக்கும் வழிவிடுகிறது. உக்க வேண்டும், ஆனால் நனையக்கூடாது என்று கேட்பது, பிள்ளை கடலுக்குள் இறங்க வேண்டும், ஆனால் உடுப்பு நனையக்கூடாது என்பது மாதிரி. தேன்மெழுகு பூசலாம், வேறு பூச்சுகளும் உண்டு, பெரிய ஆய்வுகூடங்கள் இதற்காகத்தான் தலையை உடைத்துக்கொள்கின்றன. என் குசினியில் அது முடியாது.

ஆனால் உக்குவது நிஜம். ஒரு துண்டைத் தென்னையடியில் புதைத்தேன், பக்கத்தில் கடை லஞ்ச் சீற் ஒரு துண்டு. ஒரு மாதம் கழித்துக் கிண்டினால் லஞ்ச் சீற் கழுவினால் திரும்பப் பாவிக்கலாம் போலக் கிடந்தது, பாசித் தாளைத் தேடியும் காணவில்லை. இன்னொன்றைக் கொடியில் காயப்போட்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆடு இழுத்துத் தின்றுவிட்டது. பொலித்தீன் தின்று வயிறு ஊதிச் செத்த மாடுகளைப் பார்த்த ஊர் அல்லவா, ஆட்டுக்காரர் ஓடிவந்தார். “பயப்பிடாதேங்கோ, அது பாசி” என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கடையில் ‘உக்கும்’ என்று எழுதி விற்கிற பைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில வகை, பொலித்தீனுக்குள் ஒரு சேர்மானத்தைப் போட்டு வெயிலில் துகள் துகளாக உதிர வைப்பவை. கண்ணுக்குத் தெரியாமல் போகும், இல்லாமல் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகையை 2019 சட்டத்திலேயே தடைசெய்துவிட்டது. சோளத்திலிருந்து செய்கிற பீஎல்ஏ என்ற பிளாஸ்ரிக் வேறு, அது உண்மையாகவே உக்கும், ஆனால் 60 பாகைக்குக் கிட்டச் சூடு நிற்கிற தொழிற்சாலைக் குவியல் வேண்டும். எங்கள் வளவுக் குப்பைக் கிடங்கில் அந்தச் சூடு எப்போது வந்தது?

இலங்கையில் சட்டம் இல்லாமலில்லை. 2017 செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் தடை, 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு, மாலை எல்லாம் தடை. இடியப்பத் தட்டைத் தடைசெய்யும் அளவுக்கு நாங்கள் வந்ததுதான் வேடிக்கை, ஈர்க்கில் பின்னிய தட்டில் அவித்த ஊர் இது. சட்டத்துக்குப் பிறகும் பட்டறையில் எனக்கு வந்த பார்சல் எதில் வந்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஒரு கதையை இடையில் செருகிவிடுகிறேன், என் வகுப்பில் தவறாமல் சொல்லும் கதை. 1881இல் ஜேர்மனியில் வால்டர் ஹெஸ்ஸ என்ற வைத்தியர் கிருமி வளர்க்க ஜெலற்றின் தட்டுகளோடு போராடிக்கொண்டிருந்தார். வெயிலுக்கு அது உருகி ஓடிவிடும். அவருடைய மனைவி ஃபனி, தன் வீட்டு ஜாமும் ஜெலியும் வெயிலுக்கு உருகுவதில்லையே, அதற்குப் போடும் அகரைப் பாவித்துப் பாருங்கள் என்றார். ஃபனிக்கு அந்த வித்தை ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அயலவர்களிடமிருந்து வந்தது. ஹெஸ்ஸ வேலை செய்த ஆய்வுகூடத்தின் தலைவர் றொபேட் கொக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகரைச் சொன்னார், ஹெஸ்ஸ குடும்பத்தைச் சொல்லவில்லை. இன்றைக்கும் உலகத்தின் எல்லா ஆய்வுகூடத்திலும் அகர்த் தட்டு இருக்கிறது, ஃபனிக்கு அதில் ஒரு சதம் கிடைத்ததில்லை. ஜாவாவில் அதை முதலில் கிண்டின பெண்ணின் பெயரோ யாருக்கும் தெரியாது. இந்தக் கதையைச் சொன்னபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “தூளாக்கிற மெசின் என்ன விலை?”

பெண்களை வலுப்படுத்துவது என்ற சொல்லை மண்டபங்களில் அடிக்கடி கேட்கிறேன். 2009க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்குக் கோழி கொடுத்தார்கள், தையல் மெசின் கொடுத்தார்கள், நுண்கடன் கொடுத்தார்கள், பிறகு கடன் அறவிட ஆட்கள் வீட்டு வாசலில் வந்து குந்தினார்கள். பாசி அந்த வரிசையில் இன்னொன்றாகப் போய்விடும் ஆபத்து நிறையவே இருக்கிறது. தான்சானியாவின் சான்சிபார் தீவில் பாசி வளர்ப்பு 1989இல் தொடங்கியது, வளர்க்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்கள் கையில் காசு புழங்கியதும் பிள்ளைகள் படித்ததும் உண்மை. கடல் சூடேற, நல்ல விலை போகிற வகைப் பாசி கரைக்குக் கிட்டச் சாகத் தொடங்கியதும் உண்மை. ஆழத்துக்குப் போக வேண்டும் என்றால் நீந்தத் தெரிய வேண்டும், வள்ளம் வேண்டும், அவை ஆண்களிடம் இருந்தன. அங்கே ஃபிளவர் ம்சூயா என்ற விஞ்ஞானி ஆழத்தில் வளர்க்கக் குழாய் வலைகளைப் பெண்களோடு சேர்ந்து பரிசோதித்தார். பாசியில் சவர்க்காரம் செய்து தாங்களே விற்கும் குழுக்களும் உண்டு. காய்ந்த பாசியோடு நின்றவர்களைவிட அவர்களுடைய நிலை மேல்.

அவ்வளவு தூரம் போவானேன், எதிர்க்கரையில் பாம்பன் இருக்கிறது. அங்கே பெண்கள் பாசியை வளர்க்க முன்னமே முக்குளித்து எடுத்தார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கியபோது, அவர்கள் தலைமுறையாகப் போய்வந்த இடங்கள் தடைப் பகுதி ஆகின. பிறகு அந்தப் பெண்களே கூடி மாதத்தில் இத்தனை நாள் மட்டும்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களுக்காகப் பேசிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கும் சீகொலஜி பரிசு கிடைத்தது. எங்கள் பட்டறைகளில் அவரை ஏன் ஒருவரும் திரையில் காட்டுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அதே எதிர்க்கரையில் எச்சரிக்கையும் இருக்கிறது. கப்பாபைகஸ் எங்கள் கடலுக்குரியதன்று, பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. மண்டபம் என்ற ஊருக்கு அருகே குருசடைத் தீவில் அது பவளப்பாறைகளின்மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஹவாயிலும் இதே கதைதான் நடந்தது. நாங்கள் ஒரு கைப்பிடி துண்டைக் கடலில் போடும்போது இதையும் சேர்த்துத்தான் போடுகிறோம். எனக்குக் கஞ்சிப்பாசிமேல் ஆசை அதனால்தான். அது இந்தக் களப்பிலேயே முளைப்பது, ‘சிலோன் மோஸ்’ என்ற பெயரில் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஏற்றுமதியானது. மெதுவாக வளரும், விளைச்சல் குறைவு, வாங்க ஆள் தேட வேண்டும். அக்காவுக்கு இந்த ஆசை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மாதச் சீட்டுக் காசு கட்டுகிறவர் அவர், நான் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் அடக்கம் வரும். உலகத்தில் வருஷத்துக்கு 40 கோடி தொன்னுக்கு மேல் பிளாஸ்ரிக் செய்கிறார்கள். உலகக் கடற்பாசி விளைச்சல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3 கோடி 50 இலட்சம் தொன், அதுவும் ஈரமாக. காய்ந்தால் பத்தில் ஒன்று. சுஷிக்கும் சூப்புக்கும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் அவ்வளவையும் அவித்தாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது. என் குசினிக் கணக்கு: ஒரு தாள் 6 கிராம், அதில் பாதிக்குச் சற்று மேல் கராஜீனன். 10 கிலோ ஈரப்பாசியில் நல்லாய் வந்தால் 300 கிராம் கராஜீனன், அதாவது 85 தாளுக்குள். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு ஒரு மத்தியானத்துக்கே காணாது. பிளாஸ்ரிக்கை ஒழிக்கப் போகிறோம் என்று எவராவது சொன்னால் நான் மொழிபெயர்க்க மாட்டேன் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

சரி, எதற்குத்தான் உதவும்? பாசித் தாளுக்கு ஒரு திறமை உண்டு, எண்ணெய் அதை ஊடுருவாது. இதை நான் கண்டுபிடித்தது தற்செயலாக. முறிந்த தாளொன்றின்மேல் பேக்கரியில் வாங்கின றோல்ஸை வைத்துவிட்டுப் போனைத் தேடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மேசையில் எண்ணெய்க் கறையே இல்லை. கண்ணாடியில் தாள் உரிக்கிற வேலையும் வேண்டாம், சாதாரண பழுப்புத் தாளில் கூழைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசினாலே போதும். அப்போது ஒரு தாளுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் கராஜீனன் போகிறது, 300 கிராமில் 300 தாளுக்கு மேல் வரும். வடை, றோல்ஸ், பற்றிஸ் எல்லாம் அரை மணித்தியாலத்தில் தின்று முடிகிற சாமான். அந்த அரை மணித்தியாலத்துக்கு இந்தத் தாள் தாராளமாகத் தாங்கும். ஊர்ப் பேக்கரிக்காரருக்குப் பத்துத் தாள் கொடுத்தேன். “றோல்ஸுக்கு நல்லம் ரீச்சர். சம்பலை மட்டும் வைக்கக் குடுக்காதேங்கோ” என்றார். சொதி என்னை விடுவதாயில்லை.

அக்காவும் இன்னும் நாலு பேரும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். முதலில் வாங்கியது தராசு. அது வந்த அன்றைக்கு வாங்க வருபவர் தன் தராசை வாகனத்தில் இருந்து இறக்கவே இல்லையாம். கிடாரம் கல்யாண வீட்டுக்காரரிடம் வாடகைக்கு எடுக்கலாம், விறகு இருக்கிறது. இடறியது வேறொரு இடத்தில், படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. கடற்பாசிக்கு நன்னீர் தேவையில்லை என்று பட்டறையில் நான்தான் குரலை உயர்த்தி மொழிபெயர்த்தேன். வளர்க்கத்தான் தேவையில்லை. உப்பைக் கழுவ வேண்டும், ஊறவைக்க வேண்டும், அவிக்க வேண்டும். ஒரு கிலோ கராஜீனனைப் பூசும் பதத்துக்குக் கரைக்கவே 50 லீற்றர் வேண்டும், கழுவுகிற தண்ணீர் அதற்கு மேல். தீவில் கோடையில் குடிதண்ணீர் பவுசரில் வருகிறது.

“கோடையில பாசி இருக்கு, தண்ணி இல்லை. மாரியில தண்ணி இருக்கு, பாசி இல்லை” என்றார் அக்கா, கயிறு முடிந்துகொண்டே.

காய்ந்த பாசி மாதக்கணக்கில் கெடாது, சாக்கில் கட்டி வைத்து மழை பிறந்ததும் அவிக்கலாம், கோயில் கூரைத் தண்ணீர் விழுகிற தொட்டி இருக்கிறது என்றேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை வந்துவிட்டது.

“அப்ப பூசின தாளை மாரியில எங்க பிள்ளை காயப்போடுறது?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து அவரே போன் எடுத்தார். பேக்கரிக்காரரோடு கதைத்துவிட்டாராம். பின்னேரப் பாண் இறக்கின பிறகு போறணை அறை விடியும்வரை சூடாகத்தான் கிடக்குமாம், கொடி கட்ட விடுகிறேன் என்றிருக்கிறார், வாடகைக்குப் பதிலாக நூற்றுக்குப் பத்துத் தாள் கேட்கிறாராம். அக்கா ஐந்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். சங்க மண்டபத்து மூலையில் 12 கிலோ காய்ந்த பாசி இரண்டு சாக்கில் கட்டிக் கிடக்கிறது. ஐப்பசி மழை இன்னும் தொடங்கவில்லை.